யானைமுடியும் சீகைமரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் அடுத்த மாதம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். ராத்திரி பயப்படுவாள், யானைமுடி மோதிரம் போட்டு அனுப்பு என்கிறார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பதிலுக்கு யானை உருவம் கோத்த வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வாங்கினால் ஒரு மரம் நடுவார்களாம், லாபத்தில் பத்து சதவீதம் யானைப் பாதுகாப்புக்குப் போகுமாம். எல்லாம் ஏமாற்று வேலை என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். வாங்கலாமா? தங்கத்தைவிட வெள்ளி சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பிடித்திருந்தால் வாங்குங்கள். வெள்ளியா தங்கமா என்பது வேண்டாத விசாரம். இரண்டும் பூமியைக் குடைந்துதான் வருகின்றன. பத்து சதவீதம் விலையில் இல்லை, லாபத்தில். லாபமே இல்லை என்று கணக்கு எழுதிவிட்டால் யானைக்கு என்ன கிடைக்கும் என்று உங்கள் வீட்டுக்காரரையே கேளுங்கள், சொல்வார்.

மாமியாரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்குப் புலிப்பல் தாலி கட்டியதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. அவ்வளவு பழைய பயம். ஏழு வயதில் எனக்கும் அந்த மோதிரம் வந்தது. ஆச்சி ஐந்து ரூபாயை நீட்ட, பாகன் கோயில் யானையின் வாலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு முடியை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தார். யானை ஓரடி முன்னால் எடுத்து வைத்தது, அவ்வளவுதான். வால் நுனியில் தேய்ந்த துடைப்பம் மாதிரி ஐந்தாறு முடிதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டுதான் அது ஈ விரட்ட வேண்டும். மோதிரம் போட்டும் எனக்கு இருட்டுப் பயம் போகவில்லை. கோயிலுக்குப் போனால் யானை நிற்கும் பக்கம் போகாமல் சுற்றிப் போக ஆரம்பித்தேன். யானை 1977-லேயே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டது. முடியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த ‘ஒரு மர’த்துக்காக.

போன மாதம் ஊட்டியிலிருந்து அவலாஞ்சிப் பக்கம் போயிருந்தேன். வழியெல்லாம் சீகைமரம் அடைத்து நிற்கிறது. தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய் இல்லை, ‘வாட்டில்’ என்கிற வெளிநாட்டு மரம். கூட வந்த பையன், ‘என்ன பசுமை சார்!’ என்று செல்போனை எடுத்துவிட்டான். வண்டியை நிறுத்தச் சொல்லி அவனை உள்ளே பத்தடி கூட்டிப்போனேன். காலடியில் ஒரு புல் கிடையாது. காய்ந்த இலைத்தூள், அரையிருட்டு. அங்கே மேய எதுவும் இல்லை.

அந்த மலை சோலையும் புல்வெளியுமாக இருந்த மலை. மடிப்புகளில் சோலை, மேட்டில் புல். மழையைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்தான். தோடர் எருமைகள் மேய்ந்ததும் அதில்தான். வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது வெறும் தரிசு. விறகுக்கென்று சீகையும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நாம் சும்மா இருந்தோமா? தோல் பதனிடப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டுக்கு மரக்கூழ் வேண்டும் என்று மலைமலையாக நட்டோம். எல்லாம் மரம் நடும் திட்டம்தான் அம்மா! சங்கப் பாட்டில் வருடை என்று வருகிற வரையாடு, நம் மாநில விலங்கு, இப்படித்தான் மேய்ச்சலை இழந்தது. 2024-ல் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,031 இருந்தன. இப்போது அதே வனத்துறை காசைக் கொட்டிச் சீகையைப் பிடுங்குகிறது. லேசில் போகாது அது. விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும். வெட்டித் தீ வைத்தால் இன்னும் மும்முரமாக முளைக்கும்.

மரம் என்றாலே புண்ணியம் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? படித்தவர்கள், ஒரு பொட்டு நகை வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள், என்ன மரம் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? உங்கள் சங்கிலியில் தொங்கும் யானைக்கே புல் வேண்டும். அழகுக்கென்று தோட்டத்தில் வைத்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டுக்குள் புதராக மண்டி அந்தப் புல்லை மூடிக்கிடக்கிறது. அதை வேரோடு களைய ஆள்கூலி கொடுக்கிறேன் என்று ஒரு நகைக்கடை சொன்னால் நானே வரிசையில் நிற்பேன். சொல்ல மாட்டார்கள். செடி பிடுங்குகிற படத்தைப் போட்டு நகை விற்க முடியுமா?

அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். என்ன மரம், எந்த ஊரில், நடுவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, மூன்று வருஷம் கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது. பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். வராவிட்டாலும் சங்கிலியை வாங்கிக் கொடுங்கள், பிள்ளை ஆசைப்பட்டால்.

விடுதியில் முதல் ஒரு வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மாமியாரையும் பேசச் சொல்லுங்கள்.