இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாதவர் பாய்மரப் படகு ஓட்டப் பழகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட உங்கள் தங்கை பாய்மரப் படகு ஓட்டப் பழக வேண்டும் என்கிறார். வீட்டில் பயப்படுகிறார்கள். ஆபத்தில்லாமல் முடியுமா? முடிந்தாலும் அவரே ஓட்டுவாரா, சும்மா ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு இறக்கிவிடுவார்களா?

முடியும். அவரே ஓட்டலாம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாய்மரப் படகு கற்றுத்தரும் திட்டம் ஒன்றில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வழக்கமான சிறு பாய்மரப் படகில் கால் எதற்குத் தேவைப்படுகிறது? காற்று பாயைச் சாய்க்கும்போது ஓட்டுபவர் எதிர்ப்பக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்துவார். திரும்பும்போது பாயின் அடிக்கம்பு தலையில் படாமல் குனிந்து அடுத்த பக்கம் தாவுவார். இந்த இரண்டு வேலையையும் படகே பார்த்துக்கொண்டால் காலுக்கு அங்கே பெரிதாக வேலையே இல்லை.

ஹான்சா என்ற படகு வகை அப்படி யோசித்துச் செய்ததுதான். ஆஸ்திரேலியாவில் கிறிஸ் மிட்செல் வடிவமைத்தது. முன்பு ஆக்சஸ் என்று பெயர். ஹான்சா 303 சுமார் 3 மீட்டர் நீளம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இருக்கை படகின் அடித்தளத்தை ஒட்டித் தாழ்வாகத் தொங்கும். முகம் முன்பக்கம் பார்த்தே இருக்கும், பக்கம் மாறவே வேண்டாம். நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகையின் அடியில் சுமார் 30 கிலோ எடை. படகு சாயச் சாயப் பாயில் விழும் காற்று குறையும், அந்த எடை திருப்பி இழுக்கும் விசை கூடும். அதனால்தான் கவிழ்வது மிக அரிது. சுக்கானைத் திருப்ப முன்னால் ஒரு ஜாய்ஸ்டிக். காற்று பலமானால், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கயிற்றை இழுத்துப் பாயைப் பாய்மரத்தில் சுற்றிச் சிறிதாக்கிவிடலாம். கையிலும் வலு இல்லாதவர்களுக்கு மின்மோட்டார் வைத்து, விரலோ தாடையோ தொட்டால் நகரும் சிறு ஜாய்ஸ்டிக் பொருத்துவார்கள்.

இதற்கும் அப்பால் போனவர் இங்கிலாந்தின் ஹிலரி லிஸ்டர். கழுத்துக்குக் கீழே இயக்கம் கிடையாது. வாயால் ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் குழாய்களை வைத்துச் சுக்கானையும் பாயையும் தானே கையாண்டு, 2005இல் ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தார். 2009இல் பிரிட்டனைச் சுற்றி வந்ததையும் முடித்தார். உங்கள் தங்கைக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் படகு மட்டும் சரியாக இருந்தால் போதாது. பயிற்சியாளரின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நல்ல பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கையைத் தன் மடியிலேயே வைத்திருப்பார். படகு காற்றுக்கு நேராகப் போய் நின்று பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். புதிதாக வந்தவர் திரும்பிப் பார்ப்பார். பயிற்சியாளர் சொல்வது "காற்று எந்தக் கன்னத்தில் படுது?" என்ற ஒரு கேள்வி மட்டும். அரை நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம் போகும். பிறகு ஜாய்ஸ்டிக் மெல்ல நகரும், பாய் விறைக்கும், படகு கிளம்பும். அந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்காமல் கை நீட்டித் திருப்பிவிடுகிற இடங்களும் உண்டு. மனதில் கெடுதல் இல்லை, அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. விபத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் அடுத்தவர் செய்துதரப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம், இங்கேயாவது சுக்கானைக் கொடுக்க வேண்டும்.

பார்வையற்றோர் போட்டிகளில் இது விதியாகவே இருக்கிறது. சுக்கான் பிடிப்பவர் பார்வைக் குறைபாடு உள்ளவர். பார்வை உள்ள துணை வாயால் வழி சொல்லலாம், சுக்கானைத் தொடக்கூடாது.

இனி ஆபத்து. கடலைவிட நான் அதிகம் கவனிப்பது தோலை. உணர்ச்சி இல்லாத இடத்தில் ஒரு கயிற்று முடிச்சோ பக்கிளோ அழுத்திக்கொண்டிருந்தால் அவருக்கே தெரியாது, ஒரு மணி நேரத்தில் புண்ணுக்கு வழி பிறந்துவிடும். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் மெத்தையோ அதற்கு இணையானதோ படகிலும் வேண்டும். வெறுங்காலோடு ஏற விடாதீர்கள். ஷூ போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் படகில் உரசிக் கிழிவதுகூடத் தெரியாது. கரை ஏறியதும் தோலைப் பார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியிலிருந்து படகுக்கு மாற்றும் நேரம்தான் எனக்கு இன்றும் பதற்றமான நேரம். படகுத்துறையில் ஹாய்ஸ்ட், அதாவது ஆளைத் தூக்கி இறக்கும் கருவி, இருக்கும். தொடைக்கு அடியில் ஸ்லிங் என்ற துணித் தொட்டிலைப் போட்டுத் தூக்குவார்கள். ஸ்லிங்கில் மடிப்பு இல்லையென்று ஒருவர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் இரண்டு காலையும் பிடித்தபடியே கூட வர வேண்டும், தொங்கும் கால் படகின் விளிம்பில் இடித்தால் எலும்பே முறியலாம், இயங்காத காலில் எலும்பு தேய்ந்திருக்கும். மூன்றாமவர் படகைத் துறையோடு அணைத்துப் பிடிப்பார். யார் "தூக்கு" சொல்வது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அது ஏறுபவராகவே இருப்பது நல்லது.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதன் மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள். 50 நியூட்டன் வகை, நீந்தத் தெரிந்தவருக்கு மிதக்க உதவுவது மட்டுமே. தசை குறைந்த கால்கள் தண்ணீரில் மேலே எழும், ஆள் குப்புற விழவும் வாய்ப்புண்டு. 150 நியூட்டன் வகை முகத்தை மேலே திருப்புவதற்காகச் செய்தது. அதையும் முதலில் நீச்சல் குளத்தில், ஆட்கள் கூட நிற்க, அவருடைய உடம்போடு சோதித்துப் பார்க்க வேண்டும். உடலை நேராக நிறுத்த பெல்ட் போடுவார்கள். ஒரே இழுப்பில் கழலாத பெல்ட் எதுவானாலும் வேண்டாம்.

காயம் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ என்றால் இன்னும் கவனம் தேவை. காயத்துக்குக் கீழே வியர்க்காது, வெயிலில் உடல் சூடு சட்டென்று ஏறும். நனைந்தால் அதே வேகத்தில் குளிரும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல் என்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று பொருள். பெரும்பாலும் நிறைந்த சிறுநீர்ப்பைதான் காரணம். கிளம்பும் முன் அதைக் காலிசெய்வது அவசியம். கூடவே மோட்டார் படகு ஒன்று இருக்க வேண்டும். அவருடைய மருத்துவரிடம் இதையெல்லாம் பேசிவிட்டுப் போங்கள்.

போட்டி ஆசை வந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். பாராலிம்பிக்கில் பாய்மரப் படகு 1996 அட்லாண்டாவில் காட்சிப் போட்டியாக வந்து, 2000 சிட்னியிலிருந்து 2016 ரியோ வரை பதக்கப் போட்டியாக இருந்தது. மூவர் ஓட்டும் சோனார் படகில் ஒவ்வொருவரின் குறைபாட்டுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி உண்டு, குறைபாடு கடுமையானால் புள்ளி குறைவு. கூட்டினால் 14ஐத் தாண்டக்கூடாது, அதனால் கடுமையான குறைபாடு உள்ளவருக்கும் அணியில் இடம் கிடைத்தது. டோக்கியோவுக்கு விளையாட்டையே எடுத்துவிட்டார்கள். பாரிஸிலும் இல்லை. எனக்கு இது ஆறாத வருத்தம். ஆனாலும் உலகப் போட்டிகள் தனியாக நடக்கின்றன, ஹான்சா 303 அவற்றில் ஒரு பிரிவு.

பயிற்சி இடத்துக்குப் போன் செய்யும்போது தங்கையே பேசட்டும். "முதல் நாளே சுக்கான் என் கையில் இருக்குமா?" என்று அவரே கேட்கட்டும். காயத்தின் அளவும் அங்கே இருக்கும் படகு வகையும் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், இருக்கையையும் பெல்ட்டையும் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.