மஞ்சள் கரை எங்கே போயிற்று? பாம்புச் செடிக் கேள்வி பதில்

கேள்வி: மஞ்சள் கரை வைத்த பாம்புச் செடியின் இலையை வெட்டி நட்டேன். ஐந்து மாதம் காத்திருந்து வந்த கன்றில் மஞ்சளே இல்லை, முழுப் பச்சை. உரம் போதவில்லையா அம்மா?

பதில்: உரத்தின் மேல் பழி இல்லை. ‘லாரென்டி’ என்ற இந்த வகையில் ஒரே செடிக்குள் இரண்டு விதத் திசுக்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. பச்சையம் உள்ளது ஒன்று, இல்லாதது மற்றொன்று. கரையின் மஞ்சள் அந்த இரண்டாவது திசுதான். இலைத் துண்டில் புது முளை பச்சைத் திசுவிலிருந்தே பிறக்கிறது. அதனால் கன்றும் பச்சை. மண்ணுக்குள் ஓடும் கிழங்கின் மொட்டிலோ இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. மஞ்சள் கரை வேண்டுமென்றால் அந்த மொட்டிலிருந்து வரும் பக்கக் கன்றைத்தான் பிரிக்க வேண்டும்.

கன்று ஒரு சாண் உயரம் வரட்டும், மூன்று நான்கு இலை விடட்டும். தொட்டியைச் சாய்த்து மண்கட்டியோடு வெளியே எடுத்து மண்ணை உதிர்த்தால், தாயையும் கன்றையும் இணைக்கும் கிழங்கு பசுமஞ்சள் போலத் தெரியும். கன்றுக்குச் சொந்த வேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டுவாய் இரண்டு நாள் நிழலில் காய்ந்த பிறகு நடுங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு வருத்தமே அதுதான்.

கேள்வி: என் இலைத் துண்டுகள் பத்தே நாளில் அழுகிவிட்டன.

பதில்: தண்ணீர் அதிகம். விரலளவு நீளத் துண்டுகளாக வெட்டி, மூன்று நாள் காயவைத்து, ஆற்று மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்து அதில் நடுங்கள். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இல்லாதபோது மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்க வேண்டாம். பங்குனிச் சூடு வேர்விட உதவும். உச்சிவெயில் மட்டும் படக்கூடாது.

கேள்வி: துண்டின் எந்தப் பக்கம் கீழே?

பதில்: தாய்ச்செடியில் கீழே இருந்த பக்கம். தலைகீழாக நட்டால் வேர் வராது. வெட்டும்போதே மேல்முனையைச் சாய்வாகவும் அடிமுனையை நேராகவும் வெட்டிவிட்டால் குழப்பம் இல்லை.

கேள்வி: மணி பிளான்ட் இலை ஒன்று தண்ணீரில் வேர்விட்டு எட்டு மாதமாக அப்படியே நிற்கிறது. துளிர் எப்போது வரும்?

பதில்: வராது. அந்தக் கொடிக்குத் துளிர் கணுவில்தான் இருக்கிறது. வெறும் இலைக்கும் காம்புக்கும் அது கிடையாது. ஒரு கணுவாவது இருக்கும்படி தண்டை வெட்டுங்கள். கணுவில் பழுப்பாகக் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுவேர் தண்ணீரில் மூழ்கட்டும்.

கேள்வி: பாட்டி பாம்புச் செடியை மருள் என்கிறார். சரியா?

பதில்: உறவு சரி, செடி வேறு. மருள் நம் நாட்டுச் செடி. அதன் இலையில் உறுதியான நார் கிடைக்கும். தொட்டியில் இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மருளையும் கன்று பிரித்தே பெருக்கலாம்.

கேள்வி: கன்றைப் பிரிக்காமலே விட்டால்?

பதில்: செடிக்குக் கெடுதல் இல்லை, தொட்டிக்குத்தான். என் வீட்டு மண்தொட்டி ஒன்றின் பக்கவாட்டில் விரல் நுழையும் விரிசல். அதன் வழியே கிழங்கின் கூர்முனை எட்டிப் பார்க்கிறது. பிளாஸ்டிக் தொட்டி புடைத்தால் உடனே கன்றைப் பிரித்துவிடுங்கள்.