வெளிக்கடையில றிமோட் ஸ்ராட் பூட்டினா வொறன்ரி முழுக்கப் போயிடுமா?

கேள்வி: வணக்கம் அக்கா, நான் ஒன்ராறியோ ஏஜக்ஸில இருக்கிறன். ரெண்டு வருசத்துக்கு முதல் புதுசா எடுத்த பிக்கப் றக், இப்ப 41,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு. போன நவம்பர் ஒரு கடையில 650 டொலருக்கு றிமோட் ஸ்ராட் பூட்டினன். ஜனவரியில குளிர் இறுக்கினதும் பிரச்சனை தொடங்கிச்சு, றிமோட்டை அமத்தினா லைற் மின்னுது ஆனா எஞ்சின் ஸ்ராட் ஆகுதில்ல, டாஷில வோணிங் லைற் எல்லாம் ஒரேயடியா வருது, விடிய எழும்பிப் போனா பற்றரி செத்துக் கிடக்கு. டீலரிட்ட கொண்டுபோனா "வெளிச் சாமான் பூட்டினபடியா வொறன்ரி இல்லை, பொடி கொன்ட்ரோல் மொடியூல் (லைற், லொக் மாதிரி வேலைகளைக் கட்டுப்படுத்துற சின்னக் கொம்பியூட்டர்) போயிட்டுது" எண்டு வாயால சொல்லி அனுப்பிப்போட்டினம். வேற ஒரு கராஜில மொடியூல் மாத்த 1,450 எண்டு எஸ்டிமேட் எழுதித் தந்தவை, எடுக்கப் போகேக்க பில் 1,940, அதுக்குள்ள டயக்னோஸ்ரிக் எண்டு 180, ரெண்டும் வரி சேராம. வாகனத்தை எடுத்தது ஜனவரி 22. மூண்டு கிழமையால திரும்ப அதே கதை. கராஜ்காரர் இது வேற பிரச்சனையாம், பாக்கிறதுக்குப் புதுசா காசு வேணுமாம். நான் ஆரிட்டப் போறது?

பதில்: தம்பி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். டீலர், கராஜ், றிமோட் ஸ்ராட் பூட்டின கடை எண்டு மூண்டு பேர் இதுக்குள்ள நிக்கினம், ஆனா பிழை எங்க இருக்கு எண்டதை ஒருத்தரும் அளந்து பாத்து எழுத்தில தரேல்ல. எனக்கு அதுதான் கவலை. மொடியூல் போயிட்டுது எண்டு சொல்லுறது சுகம், ஆனா நாளைக்கு நீதவானுக்கு முன்னால நிக்கேக்க எதால போனது எண்டு கடுதாசியில காட்டோணும்.

முதல்ல வொறன்ரிக் கதை. வெளிச் சாமான் பூட்டினதுக்காக மட்டும் வொறன்ரியை மறுக்க ஏலாது, மக்னசன்-மொஸ் சட்டம் இருக்கு எண்டு யூரியூப்பில கனபேர் சொல்லுறதைக் கேட்டிருப்பீங்கள், அது 1975இல வந்த அமெரிக்கச் சட்டம், ஒன்ராறியோவில அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதைக்க ஏலாது. அதுக்காக இஞ்ச நீங்கள் கையாலாகாம நிக்கிறீங்கள் எண்டும் இல்லை. வொறன்ரி ஒரு ஒப்பந்தம். அதில இருக்கிற விலக்கைச் சொல்லி ஒருத்தர் தப்பப் பாத்தா, அந்த விலக்கு உங்கட விசயத்துக்குப் பொருந்துது எண்டு அவர்தான் நிரூபிக்கோணும். அதோட 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்ர 11ஆம் பிரிவு, நுகர்வோர் ஒப்பந்தத்தில ரெண்டு விதமா விளங்கிற வரி இருந்தா அதை நுகர்வோருக்குச் சாதகமாத்தான் எடுக்கோணும் எண்டு சொல்லுது. உங்கட வொறன்ரிப் புத்தகத்தை எடுத்து அந்த விலக்குப் பகுதியை வடிவா வாசியுங்கோ, வெளியில பூட்டின சாமானால வந்த சேதத்துக்கு மட்டும் பொறுப்பில்லை எண்ட மாதிரி எழுதியிருந்தா, முழு வொறன்ரியும் போச்சு எண்டு டீலர் சொன்னது அந்த வரியை விடக் கனதூரம் போன கதை. வயரிங்கைத் தொட்டபடியா மொடியூல் போனது எண்டா எந்த வயர், எந்த இடம், என்ன அளவு வந்தது எண்டு எழுதித் தரச் சொல்லி ஈமெயில் போடுங்கோ, பழுதுக் கோட் நம்பரையும் (வாகனத்தின்ர கொம்பியூட்டர் பதியிற பிழை நம்பர்) அது பதிஞ்ச நேரத்து விபரத்தையும் பிரிண்ட் எடுத்துக் கேளுங்கோ. ஆரையும் அந்தக் கோட் நம்பரை அழிக்க விடாதேங்கோ, அழிச்சா உங்கட சாட்சியும் அதோட போயிடும்.

நான் மெக்கானிக் இல்லை, ஆனா இந்த மாதிரி வழக்குகளில மெக்கானிக்மார் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஒண்டு விளங்கியிருக்கு, மொடியூல்தான் கடைசியாச் சந்தேகப்படவேண்டிய சாமான். பொனெற் சுவிச் உப்பில கறள் பிடிச்சு பொனெற் திறந்திருக்கு எண்டு சொன்னாலே றிமோட் ஸ்ராட் எடுக்காது, செக் எஞ்சின் லைற் எரிஞ்சா கன றக்குகளில எடுக்காது, பிறேக் சுவிச் பிழைச்சாலும் பற்றரி வோல்ற் இறங்கினாலும் எடுக்காது. நல்லாச் சார்ஜ் இருக்கிற பற்றரி ஓய்ஞ்சு நிக்கேக்க 12.6 வோல்ற் அளவில காட்டும், குளிருக்க பழசான பற்றரி லோட் ரெஸ்ற்றில விழுந்திடும், வோல்ற் விழ ஒவ்வொரு மொடியூலா தொடர்பு இல்லை எண்டு கோட் போடத் தொடங்கும். நீங்கள் சொல்லுற வோணிங் லைற் கூட்டம் அதாலயும் வரலாம், கிறவுண்ட் வயர் கறள் பிடிச்சும் வரலாம், றிமோட் ஸ்ராட் பூட்டினவை மொடியூல்கள் தங்களுக்குள்ள பேசுற ரெண்டு டேட்டா வயரில கீறிப் பிடிச்ச இடம் லூசா இருந்தும் வரலாம். அந்த ரெண்டு டேட்டா வயருக்கும் நடுவில பற்றரியைக் கழட்டிப்போட்டு அளந்தா வழமையா 60 ஓம் கிட்ட வரோணும்.

அதால நான் சொல்லுறது, இந்த மூண்டு பேரோடயும் சம்பந்தமில்லாத ஒரு லைசென்ஸ் உள்ள ரெக்னீசியனைப் பிடிச்சு ரெண்டு சோதனை செய்வியுங்கோ. வாகனத்தைப் பூட்டி, மொடியூல் எல்லாம் நித்திரைக்குப் போனாப் பிறகு பற்றரியில இருந்து எவ்வளவு கரண்ட் இழுக்குது எண்டு பாக்கோணும், 50 மில்லி அம்பியருக்கு மேல போனா ஏதோ ஒண்டு விடிய விடிய குடிச்சுக்கொண்டு நிக்குது. பிறகு வெளியில வாங்கின றிமோட் ஸ்ராட்டை முழுசாக் கழட்டிப்போட்டுத் திரும்ப அளக்கோணும். கழட்டினதும் எல்லாம் சரிவந்தா பொறுப்பு அதைப் பூட்டின கடைக்கு, சேவை நியாயமான தரத்தில இருக்கோணும் எண்டு அதே சட்டத்தின்ர 9ஆம் பிரிவு அவையைக் கட்டுது. கழட்டியும் பழுது அப்பிடியே இருந்தா டீலர் சொன்ன காரணம் பலமிழந்துபோகும். அந்த ரெக்னீசியன் ரெண்டு அளவையும் திகதி, கிலோமீற்றர், கையெழுத்தோட எழுதித் தரட்டும், சின்னத் தொகை வழக்குகளைப் பாக்கிற ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில நிபுணர் அறிக்கையை விசாரணைக்கு 30 நாளுக்கு முதல் மற்றப் பக்கத்துக்குக் குடுக்கோணும், அதையும் மனசில வைச்சிருங்கோ.

இனி கராஜ். இதிலதான் உங்கட கை நல்லா ஓங்கியிருக்கு. அதே நுகர்வோர் சட்டப்படி, எழுதின எஸ்டிமேட்டை விட 10 வீதத்துக்கு மேல எடுக்க ஏலாது, 1,450க்கு உச்சம் 1,595, ஆக 345 டொலர் கூட எடுத்திருக்கினம். இடையில போனில கேட்டு நீங்கள் ஓம் சொல்லியிருந்தா அதை அவை உங்கட பேர், திகதி, நேரத்தோட பதிஞ்சு வைச்சிருக்கோணும், பதியாத சம்மதம் செல்லாது. டயக்னோஸ்ரிக் காசு, அதுதான் எஸ்டிமேட் போடுறதுக்கான காசு, முதலே சொல்லாம எடுக்க ஏலாது, சொன்னாலும் அந்த வேலையை அவையே செய்து முடிச்சா பொதுவா எடுக்க ஏலாது, அந்த 180உம் 345க்குள்ளதான் கிடக்கு. சட்டத்துக்கு மாறா எடுத்த காசைக் கட்டின நாளில இருந்து ஒரு வருசத்துக்குள்ள எழுத்தில திருப்பிக் கேக்கலாம்.

அதை விடப் பெரிசு, புதுப் பார்ட்ஸுக்கும் வேலைக்கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துதோ அது வரைக்கும் சட்டமே வொறன்ரி குடுக்குது, பில்லில எழுதியிருக்கோ இல்லையோ. மூண்டு கிழமையில அதே அறிகுறி வந்தா அது அந்தக் காலத்துக்குள்ளதான். அவை வேற பிரச்சனை எண்டு சொன்னா, அப்ப மொடியூல் முதல்லயே நல்லா இருந்ததோ எண்டு கேளுங்கோ. தேவையில்லாத பழுதுபாப்பைத் தேவை எண்டு சொல்லுறதை அதே சட்டத்தின்ர 14ஆம் பிரிவு பொய்யான கூற்று எண்டு பேர் சொல்லியே எழுதி வைச்சிருக்கு, அது நிரூபணமானா ஒரு வருசத்துக்குள்ள நோட்டீஸ் குடுத்து ஒப்பந்தத்தையே இல்லாமலாக்கி முழுக் காசையும் கேக்கலாம். கழட்டின பழைய மொடியூல் எங்க எண்டும் கேளுங்கோ, கழட்டின பார்ட்ஸைத் தாறன் எண்டு அவைதான் சொல்லியிருக்கோணும்.

ஒரு விசயம் நீங்கள் எழுதேல்ல, அதுதான் எல்லாத்தையும் மாத்தும். இந்த றக்கை வேலைக்கு, கொன்ட்ராக்ட் வேலைக்கு ஓடுறீங்களோ? வியாபாரத்துக்கு எண்டா நான் மேல சொன்ன நுகர்வோர் சட்டம் உங்களைப் பாதுகாக்காது, பிறகு வெறும் ஒப்பந்தத்தையும் கவனயீனத்தையும் வைச்சுத்தான் வாதாட வேணும். வீட்டுப் பாவிப்பு எண்டா, வொறன்ரிச் சண்டைக்குக் கேம்வாப் எண்ட நடுவர் திட்டமும் இருக்கு, உங்களுக்குச் செலவில்லை, றக் செய்த கொம்பனி அதில சேந்திருக்கோ எண்டு பாருங்கோ. நடுவர் தீர்ப்பு ரெண்டு பக்கத்தையும் கட்டும், அதால தயாரில்லாம போகாதேங்கோ. கேம்வாப், றக் செய்த கொம்பனியோட உள்ள சண்டைக்கு மட்டும்தான், கராஜுக்கும் பூட்டின கடைக்கும் ஸ்மோல் கிளெய்ம்ஸ்தான், பொதுவா ரெண்டு வருசக் காலக்கெடு. ஓம்விக்கிட்ட ஓடாதேங்கோ, அது வாகனம் விக்கிறவையைக் கண்காணிக்கிற இடம், பழுதுபாப்புக்கு இல்லை.

திரும்ப றக்கைக் கராஜில விட்டா, காசு கட்டாம தரமாட்டம் எண்டு மறிக்க அவைக்கு லீன் உரிமை இருக்கு. அப்பிடி வந்தா சண்டை பிடிக்காம கேட்ட தொகையைக் கோர்ட்டில கட்டி வாகனத்தை எடுத்துப்போட்டுப் பிறகு வழக்காடலாம்.

ஜனவரி 22இல இருந்து 90 நாள் எண்டா ஏப்ரல் 22. அதுக்கு முதல் கராஜின்ர கையில கடிதம் இருக்கோணும், ஈமெயிலிலயும் அனுப்புங்கோ றெஜிஸ்டர்ட் போஸ்ற்றிலயும் அனுப்புங்கோ, இண்டைக்குப் பின்னேரமே ஓடோமீற்றரைத் திகதி விழுற மாதிரிப் படம் எடுத்து வையுங்கோ.