முட்டைப் பெட்டியில் அடையும் இளங்கோழிகள்

கேள்வி: என்னிடம் 10 தாய்க்கோழிகளும், நான்கரை மாதமான 25 சிறுவிடை ரக நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. கொட்டகையில் 6 அடி பிவிசி குழாய் ஒன்றை இரண்டடி உயரத்தில் கட்டியிருக்கிறேன். முட்டையிட 8 மரப்பெட்டிகள், நாய் எட்டாதபடி நான்கடி உயரத்தில். பொழுது சாய்ந்ததும் இளசுகள் பெட்டிக்குப் பெட்டி மூன்றாகப் புகுந்து அடைகின்றன. காலையில் வைக்கோல் முழுக்க எச்சம். தாய்க்கோழிகள் தரையில் முட்டையிடத் தொடங்கிவிட்டன. பெட்டிக்குள் பூச்சிமருந்து அடித்தால் வாடைக்கு வராது என்கிறார் தீவனக் கடைக்காரர். அடிக்கலாமா?
- அரவக்குறிச்சி வாசகி

பதில்: அடிக்காதீர்கள், அம்மா. முட்டையின் ஓடு முழுக்க நுண்துளைகள். மருந்து உள்ளே இறங்கும். அந்த முட்டையைத் தின்னப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள். கடைக்காரருக்கு எதைச் சொன்னாலும் அலமாரியில் ஒரு புட்டி உண்டு. உங்கள் கொட்டகையில் பொழுது சாயும் நேரத்தில் ஒருநாளாவது வந்து நின்றிருப்பாரா?

பெட்டியில் தூங்குவதைத் தடுக்க வழி கேட்கிறீர்கள். அங்கே தூங்காவிட்டால் எங்கே தூங்கும் என்று கணக்குப் பார்த்தீர்களா? ஒரு கோழி அடைய 20 செ.மீ. கம்பு வேண்டும். உங்கள் குழாயில் ஒன்பதுக்குத்தான் இடம், இருப்பதோ 35. அந்த ஒன்பது இடத்தையும் தாய்க்கோழிகள் பிடித்துக்கொண்டு, ஏறிவரும் இளசுகளைக் கொத்தி விரட்டியிருக்கும். போதாததற்கு, கோழி உயரம் தேடி அடையும் பறவை. அந்த உயரத்தைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டுக் கம்பைக் கீழே கட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது அந்தக் குழாய். இதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கழுவ எளிது, செள் (கோழியின் இரத்தம் குடிக்கும் சிறு பூச்சி) பிடிக்காது என்று சொல்லித்தான் கூண்டு விற்பவர்கள் பிவிசியைத் தலையில் கட்டுகிறார்கள். கழுவ எளிது என்பது சரி. ஆனால் கோழி குந்தும்போது விரல்கள் தாமாக மடங்கிக் கம்பைப் பற்ற வேண்டும். வழவழப்பில் அந்தப் பிடி நிற்காது. செள் பிடிக்காது என்பது பச்சைப் பொய். குழாயின் திறந்த முனைக்குள்ளும் கயிற்று முடிச்சிலும் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, இரவில் ஏறி இரத்தம் குடிக்கும். இருட்டியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் துணியால் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். இரத்தக் கறை தெரிந்தால், குழாயை இளசுகள் வெறுக்க அதுவும் காரணம். கால்நடை மருந்தகத்தில் சொல்லி மருந்து கேளுங்கள், தீவனக் கடையில் அல்ல.

மரக்கடையில் 2 அங்குல ரீப்பர் கட்டை வாங்கி, மேல் விளிம்புகளை இழைத்து மழுக்கச் சொல்லுங்கள். சவுக்குக் கம்பும் ஆகும். பட்டையை முழுக்க உரித்துவிட வேண்டும், அதற்கடியில்தான் செள் குடித்தனம் நடத்தும். மரத்திலும் வெடிப்பு விழும், மறுக்கவில்லை. அதனால் ஆணியடிக்காமல், தாங்கியில் செருகி எடுக்கும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை கழற்றி வெயிலில் போட்டு, வெடிப்புகளில் சுண்ணாம்பு அப்புங்கள். எட்டடிக் கம்பு மூன்று போதும். தரையிலிருந்து மூன்றடி உயரம், இடையில் ஓரடிக்குக் குறையாத இடைவெளி. ஏணிப்படி போல வைக்காதீர்கள், மேல்படிக்குத் தினமும் சண்டை நடக்கும். பெட்டிகளை ஒன்றரை அடிக்கு இறக்குங்கள். நாய்க்குப் பயந்தால் கதவைச் சரிசெய்ய வேண்டும், பெட்டியை உயர்த்தக் கூடாது.

இதெல்லாம் முடிந்தபின், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நாட்டுக்கோழிகள் பெரும்பாலும் மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும். மாலை நான்கு மணிக்குப் பெட்டி வாய்களைச் சாக்கால் மூடுங்கள். விடியுமுன் திறந்துவிடுங்கள், மறந்தால் முட்டை தரையில்தான். இருட்டியதும் மூலையில் ஒண்டியிருப்பவற்றைத் தூக்கிக் கம்பில் உட்கார வையுங்கள். இருளில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, வைத்த இடத்திலேயே இருந்துவிடும். பத்து நாள் சலிக்காமல் செய்ய வேண்டும். இரண்டு மூன்று பிடிவாதக்காரிகளுக்கு இன்னும் ஒரு வாரம் ஆகலாம்.

இந்த நாட்களில் எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவி அடைக்கு வைத்துவிடாதீர்கள். கழுவினால் மேல்பூச்சு போய்க் கிருமி உள்ளே நுழையும். அடையில் ஒரு முட்டை அழுகி வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெடும். எச்சம் ஒட்டிய முட்டைகளை அன்றைக்கே குழம்பில் போட்டுவிடுங்கள்.