வீட்டுப் பட்டறையில் செய்யும் சாமான்கள் ஆடுகின்றன, இறுகுகின்றன. நல்ல மெஷின் வாங்கினால் சரியாகுமா?

கேள்வியில் மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். ஸ்டூல் ஆடுகிறது, சட்டங்களைச் சேர்த்தால் மூலையில் சந்து விழுகிறது, மேசை டிராயர் மழை வந்தால் திறக்க மாட்டேன் என்கிறது. கடன் வாங்கியாவது ஒரு டேபிள் சா, அதாவது மேசையோடு சேர்ந்த ரம்ப மெஷின், போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். இந்த மூன்றும் எனக்கு நடந்தவை. மூன்றிலும் மெஷின் இல்லாததா குறை என்று பார்த்தால், இல்லை.

நான் பரம்பரைத் தச்சன் கிடையாது. காவேரிப்பட்டணம் பக்கம் வீடு, ஓசூரில் ஷிப்ட் வேலை. மாடுகளை விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகையில் ஏழெட்டு வருடமாகப் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் ஸ்டூல். என் முதல் ஸ்டூல் ஆடியபோது, நீளமாகத் தெரிந்த காலைக் கொஞ்சம் அறுத்தேன். அப்புறம் எதிர்க்காலை. அரை மணி நேரத்தில் ஒன்றரை அங்குலம் போய்விட்டது, ஆட்டம் போகவில்லை. எங்கள் தெருவில் தச்சு வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்பா, ஆடுறது ஸ்டூலா, தரையா?" என்றார்.

உள்ளே வந்து ஸ்டூலைக் கால்வாசி சுற்றுத் திருப்பி அதே இடத்தில் வைத்தார். முன்பு தூக்கிக்கொண்டிருந்த கால் இப்போது அழுத்தமாக நின்றது. அந்த இடத்துக்கு வந்த அடுத்த கால் தூக்கிக்கொண்டது. விஷயம் அவ்வளவுதான். எங்கே திருப்பி வைத்தாலும் அதே கால் தூக்கினால் குறை ஸ்டூலில். எந்தக் கால் வந்தாலும் அதே இடத்தில் தூக்கினால் குறை தரையில். மாட்டு மூத்திரம் ஓட வாட்டம் விட்டு, குளம்பு பட்டு அங்கங்கே பள்ளம் விழுந்த சிமெண்ட் தரை அது. அந்தத் தரையை நம்பி நான் நல்ல கால்களை அறுத்துத் தள்ளியிருக்கிறேன்.

அதனால் முதலில் உங்களுக்கு வேண்டியது நம்பக்கூடிய ஒரு சமதளம். கிருஷ்ணகிரியில் கிரானைட்டுக்கா பஞ்சம்? அறுக்கிற இடத்தில் ஓரம் உடைந்த பாலிஷ் துண்டுகள் கிடக்கும். இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு துண்டை டீ செலவுக்குக் காசு கொடுத்துவிட்டு ஸ்கூட்டரின் முன்னால் வைத்து எடுத்து வந்தேன். அதன் மேல் ஸ்டூலை வையுங்கள். தூக்கும் காலுக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி, உட்காரும் பலகை மேல் ரசமட்டம் நேராக நிற்கும்படி செய்யுங்கள். ஒரு சின்னக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அந்தக் கட்டையைக் கல்லின் மேல் நகர்த்தியபடியே நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போடுங்கள். கட்டையின் உயரம் அட்டைகளின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். அந்தக் கோட்டில் அறுத்தால் நான்கு காலும் ஒரே தளத்தில் நிற்கும். ஒரே தடவை அறுத்தால் போதும்.

மூலைச் சந்துக்கு வருவோம். 90 டிகிரி மூலை குறிக்கிற மூலைமட்டத்தைச் சோதித்தீர்களா? நானும் நான்கு வருடம் சோதிக்கவில்லை. ஓரம் நேராக இழைத்த பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தை அப்படியே புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. என்னுடையதில் பத்து அங்குலம் போவதற்குள் கோடுகள் 3 மி.மீ. விலகின. புரட்டும்போது தப்பு இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் உண்மையான பிசகு அதில் பாதி, ஒன்றரை மி.மீ. அந்த மட்டத்தை வைத்து நான் குறித்த எல்லா மூலையிலும் அதே ஒன்றரை இருந்திருக்கிறது. அறுத்த கையைத்தான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எந்தக் கடையில் மட்டம் வாங்கினாலும் அங்கேயே ஒரு பலகைத் துண்டு கேட்டுக் கோடு போட்டுப் பார்க்கிறேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பெரிய சட்டத்துக்கு மட்டமே வேண்டாம், இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று டேப் பிடித்தால் போதும்.

இனி டிராயர். இதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மாமனார் தோட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த பெங்களூரா மாமரம் ஒன்றை எடுத்தார்கள். இந்தப் பக்கம் பழைய தோப்பை மாற்றும்போது மரம் பெரும்பாலும் விறகுக்குப் போய்விடும். நான் கெஞ்சி ஒரு தண்டை மில்லில் அறுத்து வைத்தேன். அதில் செய்த மேசையைச் சித்திரை மாதம் சேர்த்துப் பூட்டினேன். டிராயர் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஐப்பசியில் ஒரு காலை, "ஏங்க, சிலிண்டர் புக்கு உள்ளே இருக்கு, திறக்கவே வரல" என்று வீட்டில் குரல். ஒரு காலை மேசையில் ஊன்றி இழுத்து வெளியே எடுத்து, உரசிய இடத்தையெல்லாம் இழைப்புளியால் சீவித் தள்ளினேன். நன்றாக ஓடியது. மாசியில் பார்த்தால் டிராயர் ஆடுகிறது, மேலே விரல் நுனி போகிற அளவு சந்து.

அன்றைக்கு அந்த டிராயரின் பக்கப் பலகை உயரத்தைக் கொட்டகைச் சுவரில் பென்சிலால் எழுதினேன்: மாசி 200 மி.மீ. அடுத்த ஐப்பசியில் அளந்தேன்: 203. பலகையின் நீளத்தையும் அளந்தேன், டேப்பில் தெரிகிற அளவுக்கு மாற்றமே இல்லை.

மரம் நீளவாட்டில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாட்டில்தான் ஊதும், சுருங்கும். காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், வெயில் வந்தால் விட்டுவிடும். வெட்டிப் பல வருடம் ஆனாலும் இந்தப் பழக்கம் போகாது. அகலத்திலும் இரண்டு வகை உண்டு. தேக்கை எடுத்தால், பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை மரத்தின் வருட வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும் நடுவிலிருந்து பட்டையை நோக்கி சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். பாதிக்கும் குறைவு. எனவே பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் அது டிராயருக்கு, சட்டத்துக்கு. கோடுகள் படுத்திருந்தால் அந்தப் பலகை அதிகம் ஊதும், கிண்ணம் மாதிரி வளையவும் செய்யும். வார்னிஷ் அடித்தால் இது நின்றுவிடும் என்பார்கள். நிற்காது, மெதுவாகும்.

ஆகவே இறுகிய டிராயரை மழையில் சீவாதீர்கள். ஓடுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து எப்படியாவது ஓட்டுங்கள். வெயில் காலத்தில் செய்யும்போதே எட்டு அங்குல உயரத்துக்கு மூன்று மி.மீ. இடம் விடுங்கள். மழைக் காலத்தில் செய்தால் நெருக்கமாகவே பொருத்தலாம், பின்னால் அது தானாக விலகும். மேசை மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டுக் கட்டிவிடாதீர்கள். ஸ்க்ரூ ஓட்டையைக் குறுக்குவாட்டில் நீளமாகப் போட்டால் பலகை நகர இடம் கிடைக்கும், வெடிக்காது. பழைய வீட்டுக் கதவுகளைக் கவனியுங்கள், சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பலகை பசையில்லாமல்தான் நிற்கும்.

இதெல்லாம் காய்ந்த மரத்துக்கு. பச்சை மரத்தில் எந்தக் கணக்கும் நிற்காது. ஈரம் பார்க்கும் மீட்டர் என்னிடம் இல்லை. பை எடை பார்க்கிற கொக்கித் தராசுதான். அடுக்கிலிருந்து ஒரு பலகையை வாரம் ஒருமுறை தொங்கவிட்டு எடையைப் பலகையிலேயே எழுதுகிறேன். வாரா வாரம் குறையும். மூன்று நான்கு வாரம் ஒரே எடை காட்டினால், நம் ஊர்க் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுக்கும்போது பலகைகளுக்கு இடையில் ஒரே கனத்தில் குச்சிகளை, ஒன்றின் நேர் மேல் ஒன்றாக, ஒன்றரை அடிக்கு ஒன்று வையுங்கள். மேலே கிரானைட் துண்டுகளை ஏற்றிவிடுங்கள். முனைகளில் பழைய பெயிண்ட் பூசுங்கள், அங்கேதான் ஈரம் வேகமாக ஓடி வெடிப்பு விழும். வெயிலில் போடாதீர்கள், நிழல்தான். மாமரம் சீக்கிரம் உளுத்துப்போகும், போராக்ஸ் போரிக் ஆசிட் கரைசல் கொடுத்துக் காயவைப்பது நல்லது. மாமரத்தின் பாலும் தூளும் சிலருக்கு அரிப்பு தரும். முழுக்கை சட்டையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கிரானைட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் தெளித்து அதன் மேல் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டினால் உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் அதுதான் சாணை. 220, 400, 800, 1200 என்று சொரசொரப்பு குறைந்த தாள்களுக்குப் படிப்படியாகப் போவேன். முதலில் தகட்டின் முதுகு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை. பிறகு 25லிருந்து 30 டிகிரிக்குள் சாய்வு. விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று எழும், விரலைக் குறுக்கே தடவினால் மாட்டும். அது முழு அகலத்துக்கும் எழுந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். மாமரத்தில் நார் மாறி மாறி ஓடும், மழுங்கிய தகடு பட்டால் பிய்த்துக்கொண்டு வரும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் தகடு சீக்கிரம் மழுங்கும்.

பசை காயும்வரை மூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கவும் அவசரம் வேண்டாம். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேளுங்கள். ஓர் அங்குல அகலத்தில் நீளமாகக் கீறி, பசை போட்ட மூட்டைச் சுற்றி இழுத்து இழுத்துச் சுற்றினால் நன்றாகப் பிடிக்கும். ஸ்டூல் கால் போன்ற கோணல் வடிவத்துக்கு இரும்பு கிளாம்பைவிட அதுதான் வசதி.

மெஷின் கடைசியாக. வாங்குவதென்றால் முதலில் கொட்டகைக்குப் போகிற ஒயரைப் பாருங்கள். நானும் வீட்டிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்துக் கட்டிங் மெஷினை ஓட்டினேன். சாயங்காலம் வோல்டேஜ் குறைகிற நேரத்தில் மோட்டார் முக்கிச் சூடாகிவிடும்.

உங்கள் டிராயரை இந்த வாரம் தொடாதீர்கள். என்ன மரம், எந்த மாதம் பூட்டினீர்கள், பலகை முனையில் வளையம் நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று கமெண்டில் எழுதுங்கள். தை பிறந்த பிறகு எவ்வளவு சீவலாம் என்று பார்ப்போம்.