இடைக்கால ஆய்வு மையத்தில் ஓராண்டு முழுக்க என்னதான் செய்வார்கள்?

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆய்வு மையத்தில் முதுகலை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இடைக்காலம் என்பது ஐரோப்பிய வரலாற்றில் ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1500 வரையிலான காலம். மையம் 1964-இல் தொடங்கியது. வாளும் கோட்டையும் தேடி வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அங்கே ஆட்சி செய்வது லத்தீன் இலக்கணம் என்று.

செப்டம்பரில் ஒரு லத்தீன் தேர்வு, ஏப்ரலில் இன்னொன்று. முதுகலைக்கு ஒரு நிலை. முனைவர் பட்டத்துக்கு அதைவிடக் கடினமான நிலை. இடையில் வரும் குளிர்காலத்தில் "லத்தீன் எப்படிப் போகிறது?" என்பதுதான் நலம் விசாரிப்பே.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய கையெழுத்தைப் படிக்கப் பழக்கும் வகுப்பு. கோதிக் என்ற இடைக்காலக் கையெழுத்து முறையில் ஆங்கில ஐ, எம், என், யு நான்கும் ஒரே மாதிரியான குட்டிக் கோடுகள்தான். ஐ-க்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. 'மினிமம்' என்று எழுதினால் 15 கோடுகள் வேலிபோல நிற்கும். எங்கே ஓர் எழுத்து முடிகிறது என்பதைப் பொருளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சொற்களைச் சுருக்கியும் எழுதுவார்கள்: பி-யின் காலைக் குறுக்கே ஒரு கோடு வெட்டியிருந்தால் அதை 'பெர்' என்று படிக்க வேண்டும். உயிரெழுத்தின் தலைமேல் கோடு இருந்தால், பின்னால் ஓர் எம்மோ என்னோ ஒளிந்திருக்கிறது. அன்று எழுதியது விலங்குத் தோலில், தோல் விலை அப்படி. சிக்கனம் பிடித்துத்தானே ஆக வேண்டும்! அந்தத் தோலிலும் விஷயம் உண்டு. முடி இருந்த பக்கம் மஞ்சளாக, மயிர்த்துளைகளோடு இருக்கும். சதைப் பக்கம் வெளுத்திருக்கும். புத்தகத்தை விரித்தால் மஞ்சளுக்கு எதிரே மஞ்சள், வெளுப்புக்கு எதிரே வெளுப்பு என்பதே வழக்கம். மாறியிருந்தால் நடுவே ஓர் ஏடு போயிருக்கலாம்.

அதே பல்கலைக்கழகத்தில், ஆங்கிலத்தின் மிகப் பழைய வடிவத்துக்கு ஓர் அகராதி உருவாகிவருகிறது. 1970-இல் தொடங்கிய பணி, ஐ எழுத்தை எட்டியது 2018-இல். சிரிக்காதீர்கள், கி.பி. 600 முதல் 1150 வரை அந்த மொழியில் எழுதப்பட்டவற்றில் எஞ்சிய ஏறத்தாழ 30 லட்சம் சொற்களை அலசி எழுதுகிறார்கள்.

நாடகமும் உண்டு. மையத்து வகுப்பொன்றில் முளைத்த குழு, 1998 ஜூனில் இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பழைய பைபிள் நாடகங்கள் 47-ஐயும் வண்டி மேடைகளில் ஒரே நாளில் அரங்கேற்றி முடித்தது. விடிகாலையில் ஆரம்பித்து நள்ளிரவுவரை! அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு.

மே மாதம் அமெரிக்காவில், மிச்சிகனின் கலமசூவில் இடைக்கால ஆய்வாளர்களின் பெரிய மாநாடு, 1962-இல் தொடங்கியது. மாணவர்கள் முதல் கட்டுரையை நடுங்கிக்கொண்டே வாசிப்பது பெரும்பாலும் அங்கேதான். சனிக்கிழமை இரவு பேராசிரியர்கள் போடும் ஆட்டமும் பேர்போனது. ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸில் இன்னொரு மாநாடு. அதற்கு விமானக் கட்டணம்தான் தடை.

சேரும் எண்ணம் இருந்தால் லத்தீனை இப்போதே தொடங்கிவிடுங்கள். முனைவர் பட்டம்வரை போவதென்றால் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் வேண்டும்.