பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்ப் பழம் பறிக்கவிட்டால் என்ன கற்றுக்கொள்வார்கள்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் நகரத்தில், அடுக்குமாடியில் இருப்பீர்கள் என்று தோன்றுகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளை கையில் கூடையைக் கொடுத்துப் படம் எடுக்கும் பண்ணைச் சுற்றுலாவைக் கேட்கிறீர்கள் என்றால் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது சாத்தூர் பக்கம், எங்கள் ஊர்க் கொடுக்காப்புளி மரத்தடியில்.

சித்திரை விடுமுறைக்கு என் மகளை அங்கே விட்டிருந்தோம். இரண்டாம் வகுப்பு. நுனியில் கொக்கி வைத்த தொரட்டிக் கம்பைக் கையில் கொடுத்தது என் அம்மா. கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்தாள். பச்சைக்காயும் முள்ளும் இலையுமாகக் கொட்டியது. "இழுக்காத தாயி, மாட்டித் திருகு. செவந்து வாய் பொளந்து நிக்குது பாரு, அதான் பழம்" என்றார் அம்மா. பச்சையைத் தின்று தொண்டை கட்டிய பிறகு பொறுமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. கிளி கத்தும் கிளையில்தான் பழுத்தது இருக்கும் என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

தொரட்டி பிடித்தவளுக்குத்தான் பங்கு அதிகம் என்று சண்டையும் போட்டாள். தெருப்பிள்ளைகள் வாதாடவில்லை. தொரட்டியை வாங்கி இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு அவளைப் பொறுக்கச் சொன்னார்கள். மறுநாள் சமபங்குக்குச் சம்மதித்துவிட்டாள்.

அப்புறம் கொட்டை. அதன் கறுப்புத் தோலை நகத்தால் உரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் கீறக் கூடாது, வெள்ளை தெரிந்தால் தோல்வி. பென்சில் சீவவே சலித்துக்கொள்பவள் திண்ணையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முள் குத்தாதா என்று கேட்க வருவீர்கள். குத்தும். பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும். அரளிக்காய் மாதிரி விஷக்காயும் வேலியோரம் உண்டு, அதைக் காட்டிக் கொடுக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் எல்லாம் ஞானிகள் என்று நான் சொல்ல வரவில்லை. என் மகள் கணக்குப் பாடத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறாள்.

ஊரே இல்லாதவர்கள் என்ன செய்வது என்பீர்கள், நியாயம்தான். எங்கள் குடியிருப்பிலேயே ஒரு நாவல் மரம் நின்றது. ஆடியில் பழம் உதிர்ந்தால் பிள்ளைகள் பொறுக்கித் தின்றுவிட்டு, யார் நாக்கு அதிக ஊதா என்று நீட்டிக் காட்டுவார்கள். கார் மேல் கறை படுகிறதாம், சங்கக் கூட்டத்தில் கை தூக்கி வெட்டிவிட்டார்கள். காருக்கு ஓர் உறை வாங்கிப் போட்டால் தீர்ந்திருக்கும் விஷயம். நான் எழுதிக் கொடுத்த ஆட்சேபணை கூட்டக் குறிப்பில்கூட ஏறவில்லை. இப்போது அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள், அதற்கு மாதச் சந்தா வேறு.